மாராவை விட்டு ஆற்றோடு ஒரு பயணம்

டிராவல்ஸ்காரர்கள் அனுப்பும் கென்யத் திட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மாசாய் மாரா, நகுரு ஏரி, நைவாஷா, அம்போசெலி, கடைசியில் மொம்பாசா பக்கம் ஏதாவது ஒரு கடற்கரை விடுதி. பத்து நாளுக்குள் ஐந்து இடம். படத்தில் சிங்கம் பளபளக்கும். நடுவில் வேனில் எத்தனை மணி நேரம் குலுங்க வேண்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம், திரும்பி வரவும் அதே. அங்கிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் நாட்டின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்கு வர வேண்டும்.

இப்படி ஒரு தாளைத்தான் தங்கை வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணா, நீ அங்க வேலை பார்த்தவன்தானே, சரி பார்த்துச் சொல்லு" என்றாள். போகப்போவது அவள், மாப்பிள்ளை, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே எங்கள் அம்மா. அம்மாவுக்கு அறுபதைத் தாண்டி முழங்கால் வலி. "முதுமலையில பார்க்காத யானையா?" என்று முதலில் சொன்னவர், கடல் உண்டு என்றதும் சம்மதித்துவிட்டார். நான் மொம்பாசாவில் வேலை பார்த்த காலத்தில் வார விடுமுறைகளை அந்தப் பக்கத்துக் காட்டிலும் கரையிலுமே கழித்தேன். அதனால் தாளைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு வேறொன்று எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெயர் பெற்ற இடங்களை எண்ணிக்கை வைத்துக் கோக்காமல் ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதுதான் என் யோசனை. நைரோபிக்குத் தெற்கே அதி என்றொரு ஆறு ஓடுகிறது. அது தென்கிழக்காக இறங்கி, சாவோ ஆற்றோடு கலந்து, கலானா என்ற பெயரில் கிழக்கு சாவோ காட்டின் குறுக்கே ஓடி, சபாக்கி என்ற பெயரில் மலிந்திக்கு வடக்கே கடலில் விழுகிறது. நைரோபியில் இறங்கி, ரயிலில் சாவோவுக்குப் போய், கலானாவை ஒட்டி வண்டியில் கடற்கரைக்கு வந்து, மொம்பாசாவில் விமானம் ஏறிவிடலாம். வந்த வழியே திரும்ப வேண்டிய வேலை ஒரு நாளும் இல்லை. காடும் கடலும் ஒரே கோட்டில் அமைகின்றன.

மாப்பிள்ளைக்கு இது ரசிக்கவில்லை. "மச்சான், கென்யா போய் மாரா பார்க்கலைன்னா ஊர்ல என்ன சொல்வாங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி மூன்றையும் திறந்த புல்வெளியில் பார்க்க மாராவுக்கு இணை குறைவு. ஆனால் அங்கே வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணமே ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக எல்லோரும் போவது அந்த 200 டாலர் காலத்தில்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே சுற்றி வருகின்றன. எந்தக் கூட்டம், எந்தத் துறையில், எந்த நேரத்தில் தண்ணீரில் இறங்கும் என்று எந்த வழிகாட்டியாலும் சொல்ல முடியாது. கரையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் அரை நாள் காத்திருந்த பிறகு கூட்டம் வந்த வழியே திரும்பிப் போவதும் சகஜம். இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டத்துக்கு நான் போகமாட்டேன். சாவோவில் கட்டணம் மாராவை விடக் குறைவு, கூட்டமும் குறைவு.

சரி, எந்த மாதம்? இங்கேதான் நம் பள்ளி விடுமுறை காலை வாரும். நமக்குக் கோடை விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அங்கே பெருமழை. மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை கடற்கரை நனைந்து கிடக்கும், காட்டு மண்சாலைகள் சேறாகும், சில விடுதிகள் கதவையே சாத்திவிடும். "ஆஃப் சீசன் சலுகை" என்று விலையைப் பாதியாக்கிக் காட்டுவது இந்த மாதங்களுக்குத்தான். நவம்பரை ஒட்டி ஒரு சிறுமழை உண்டு. அதை விட்டால் ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை காடு வறண்டிருக்கும். இலை உதிர்ந்த புதருக்குள் பார்வை போகும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். கடலுக்கோ ஜனவரி, பிப்ரவரிதான் உத்தமம். நமக்கு வாடைக்காற்று அடிக்கும் அந்த நாட்களில் அதே வடகிழக்குக் காற்று அங்கே கடலைத் தெளிவாகவும் அமைதியாகவும் வைத்திருக்கும். அக்காலத்துப் பாய்மரக் கப்பல்கள் அரபுக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் அங்கே இறங்கியதும் அந்தக் காற்றில்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. அப்போது அலை கலங்கும், கடற்பாசி கரையில் ஒதுங்கும்.

பிள்ளை இல்லாதவர்கள் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பலாம். தங்கை வீட்டுக்குக் காலாண்டு விடுமுறைதான் பொருந்தி வந்தது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். காடு நன்றாக வறண்டிருக்கும், கடற்காற்று தணியத் தொடங்கியிருக்கும். வத்தாமு பக்கம் கூனல் திமிங்கிலங்கள் இன்னும் இருக்கலாம். கிறிஸ்துமஸ் வாரத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. விடுதி வாடகை எகிறிவிடும், நைரோபிக்காரர்கள் பாதிப் பேர் கடற்கரையில்தான் இருப்பார்கள்.

மாதம் முடிவானதும் டிக்கெட் போடுவதற்கு முன் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா கேட்காது என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா வற்புறுத்தாமல் இருக்கலாம், ஆனால் திரும்பி வரும்போது நம் விமான நிலையம் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் வைக்க இந்திய விதியில் இடமுண்டு, கென்யா அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் எல்லோருக்கும் தெரிந்த இடம். நாள், நேரம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதல் முறையாக இந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். அதனால் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் அழைத்துப் போகச் சொன்னேன். அவர் பழைய ரிப்போர்ட்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகுதான் மற்ற வேலைகள் நகர்ந்தன. மலேரியாவுக்கு மாத்திரை தனி. நைரோபியில் அபாயம் குறைவு, சாவோவிலும் கடற்கரையிலும் உண்டு. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டரே சொல்லட்டும். சில மாத்திரைகளை ஊர் திரும்பி ஒரு வாரத்தில் நிறுத்தலாம், சிலவற்றை நான்கு வாரம் தொடர வேண்டும்.

விசா என்று இப்போது இல்லை. 2024 ஜனவரியிலிருந்து நமக்கு ஆன்லைன் முன் அனுமதி, கட்டணம் தலைக்கு 30 டாலர் சொச்சம். கூகுளில் தேடினால் அரசுத் தளத்துக்கு முன்னால் இடைத்தரகர் தளங்கள் வந்து நிற்கும், பார்த்துச் செய்யுங்கள். பாலிதீன் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2017-லிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2020-லிருந்து காடுகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. புளியோதரைப் பொடியும் முறுக்கும் டப்பாவில் போகட்டும்.

நைரோபியில் ஒரு பகல் வேண்டும். ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டிக் காப்பகத்தில் காலை பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் பார்வையாளர்களை விடுவார்கள். முன்பதிவு கட்டாயம். தாயை இழந்த குட்டிகள் சேற்றில் புரண்டு, பெரிய பால் பாட்டிலைத் துதிக்கையால் பிடித்துக்கொண்டு குடிக்கும். அந்தக் குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் சாவோவுக்குத்தான் அனுப்பப்படுகின்றன. அறக்கட்டளைக்குப் பெயர் தந்த டேவிட் ஷெல்ட்ரிக் கிழக்கு சாவோவின் முதல் வார்டன். குட்டியை நைரோபியில் பார்த்த பிள்ளைகள், அது போய்ச் சேரும் காட்டை இரண்டு நாளில் பார்க்கப் போகிறார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும் விட நன்றாக மனதில் பதியும்.

மறுநாள் ரயில். 2017-ல் ஓடத் தொடங்கிய மதரக்கா எக்ஸ்பிரஸ். நைரோபி ஸ்டேஷன் ஊருக்கு வெளியே சியோகிமாவுவில் இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். எல்லோருடைய பெட்டிகளையும் வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி நம்மைத் தள்ளி நிறுத்துவார்கள். மோப்ப நாய் ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்துகொண்டே போகும். அம்மாவின் பையில் கருவாடு இருந்தால் அன்று எல்லோருக்கும் வேடிக்கைதான். காய் நறுக்கும் கத்தியும் வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள். வேக ரயில் நேராக மொம்பாசா போய்விடும். நமக்கு வேண்டியது காலையில் கிளம்பி வழியெல்லாம் நின்று போகும் ரயில். அது ம்டிட்டோ அண்டேயிலும் வோயிலும் நிற்கும்.

பழைய ரயில்பாதையின் கதையை இந்தப் பயணத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 1896-ல் தொடங்கிய அந்தப் பாதைக்காகப் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 கூலிகளைக் கொண்டுவந்தார்கள். சுமார் 2,500 பேர் திரும்பவில்லை. 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப்போயின. அவற்றைச் சுட்ட பாட்டர்சன் பின்னாளில் 135 பேர் செத்ததாகச் சொன்னார். பதப்படுத்திய அந்தச் சிங்கங்கள் இன்றும் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் எலும்பையும் முடியையும் வைத்து 2009-ல் செய்த ஆய்வு சுமார் 35 பேர் என்று கணக்கிட்டது. சுட்டவர் பெயர் உலகத்துக்கே தெரியும், செத்த கூலிகளில் ஒருவர் பெயராவது பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இல்லை. சாவோ ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி மயிர் இருக்காது, அல்லது பேருக்குத்தான் இருக்கும்.

ம்டிட்டோ அண்டேயில் இறங்கினால் மேற்கு சாவோவின் வாயில் பக்கத்திலேயே இருக்கிறது. வண்டியை அங்கே வரச் சொல்லிவிட வேண்டும். இரண்டு சாவோவும் சேர்ந்து சுமார் 22,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் இந்த வட்டாரத்தில் சுமார் 15,000 யானைகள். மேற்கில் எரிமலைப் பாறையும் குன்றும். சியுலு மலைகளில் பெய்யும் மழை எரிமலைக் கல்லுக்குள் இறங்கி, வடிகட்டின தண்ணீராக ம்சிமா ஊற்றில் கொப்பளித்து வருகிறது. மொம்பாசா நகரம் குடிப்பதற்கு அங்கிருந்து குழாயே போட்டிருக்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு ஊற்றங்கரையில் நடக்கலாம். தண்ணீருக்கு அடியில் கண்ணாடி வைத்த சிறு அறை ஒன்று உண்டு. படி இறங்கிப் போய் உட்கார்ந்தால் மீன் கூட்டம் முகத்துக்கு நேரே நீந்தும். நீர்யானை அந்தப் பக்கம் வந்தால் அதிர்ஷ்டம். அம்மாவுக்கு இந்தப் படி கொஞ்சம் சிரமம்தான். அவருக்குக் கிலாகுனி விடுதியின் வராந்தா போதும். விடுதிக்கு முன்னாலேயே நீர்க்குட்டை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே யானை வருவதையும், வரிக்குதிரைகள் ஒதுங்கி வழிவிடுவதையும் பார்க்கலாம்.

கிழக்கு சாவோ முற்றிலும் வேறு முகம். தேரிக்காட்டு மண் போலச் சிவந்த புழுதி. அதில் குளித்த யானைகளும் அதே சிவப்பு. குட்டி முதல் கிழவி வரை ஒரே நிறத்தில் வரிசையாகப் போகும்போது முதுமலையைச் சொன்ன அம்மாவே வாயை மூடிக்கொள்வார் என்று நினைக்கிறேன். முடாண்டா பாறைக்குக் கீழே தேங்கும் தண்ணீருக்குக் கூட்டங்கள் வரும். கழுத்து நீண்ட கெரனுக் மான் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று இலையைக் கடிக்கும். இதை மாராவில் பார்க்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாவோவின் புதர் அடர்த்தி, பரப்பும் பெரிது, சிங்கம் கண்ணில் படாமலே இரண்டு நாள் போய்விடலாம். பட்டியல் வைத்துக்கொண்டு டிக் அடிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் காடு சரிப்படாது.

வண்டி விஷயம். வாடகை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு, நாள் கணக்கில். எனவே ஐந்து பேர் ஒரு வண்டியில் போனால் தலைக்குச் செலவு இறங்கிவிடும். கூரை திறக்கும் லேண்ட் குரூசரையே கேளுங்கள், வேன் மலிவு என்றாலும் கலானா ஓரத்து மணலுக்கு அது சரிவராது. டீசல், ஓட்டுநர் தங்குமிடம், வண்டி காலியாகத் திரும்பும் நாளின் வாடகை எல்லாம் உட்பட்டதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்தைக் காட்டு வாயிலில் ரொக்கமாக வாங்குவதில்லை, ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். மற்றபடி இளநீர்க்காரர் வரை எம்பெசா என்ற மொபைல் பணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கினால் நாமும் போட்டுக்கொள்ளலாம்.

கடைசி நாள் காட்டிலிருந்து எல்லோரும் மொம்பாசா நெடுஞ்சாலைக்குத் திரும்பி லாரிகளுக்குப் பின்னால் ஊர்வார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். ஆற்றை ஒட்டிப் பாதை. லூகார்ட் அருவியில் தண்ணீர் பாறையைக் குடைந்து இடுக்குக்குள் நெளியும். கீழே மடுவில் முதலைகள். அக்கரையில் யட்டா மேட்டுநிலம் சுவர் போலக் கூடவே வரும். சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு உறைந்து நிற்கும் எரிமலைக் குழம்பு அது. சாலா வாயிலில் காடு முடிகிறது. அங்கிருந்து மலிந்தி 110 கிலோமீட்டர் சொச்சம். வழியில் பருத்த அடிமரத்தோடு பாவோபாப் மரங்கள் எட்டிப் பார்க்கும். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தையும், ராமநாதபுரம் கடலோரத்துப் பொந்தம்புளியையும் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அரபு வணிகர்கள் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள்.

மலிந்தியில் தங்க வேண்டாம் என்பேன். ஆறு கொண்டுவரும் மண் அந்தக் கடலைப் பல மாதம் பழுப்பாக்கிவிடும். ஊரில் அரை நாள் போதும். 1498-ல் வாஸ்கோ ட காமா இங்கிருந்துதான் ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டு, பருவக்காற்றைப் பிடித்துக் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அவருடைய தூண் முனையில் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1415-ல், மலிந்தியின் ஒட்டகச்சிவிங்கி ஒன்று சீனப் பேரரசரின் அரண்மனைக்குப் போயிற்று. அந்தக் காலத்துச் சீனக் கடற்படையின் தலைவர் செங் ஹே, இலங்கையின் காலிக்கு அனுப்பிய கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் உண்டு.

தங்குவதற்கு வத்தாமு. தெற்கே அரை மணி நேரம். 1968-லேயே கடல் பூங்காவாக அறிவித்த கரை. இங்கே நம்மூர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று, ஓதம். மெரினாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் நாம் கவனிப்பதே இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்றரை மீட்டருக்கும் மேல் போகும். காலையில் அறையின் ஜன்னலுக்குக் கீழே அடித்த கடல், சில மணி நேரத்தில் பவளத்திட்டு வரை உள்வாங்கி, மணல்திட்டுகள் தீவு தீவாக வெளியே வரும். நீந்தப் போனவர்கள் ஏமாறுவார்கள், நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கப் போன பிள்ளைகள் கொண்டாடுவார்கள். செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது, முள்ளெலி போன்ற கடல் முள்ளிகள் குத்தும். அறை போடுவதற்கு முன் வீட்டுக் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். நீச்சல்தான் முக்கியம் என்றால் அஷ்டமியை ஒட்டிய நாட்கள் நல்லது.

பகலில் கடல் வற்றும் நேரத்துக்கு கெடே இருக்கிறது. காட்டுக்குள் கிடக்கும் பழைய சுவாஹிலி நகரம், பள்ளிவாசலும் அரண்மனையும் கிணறுகளும் பவளக்கல்லில். பதினேழாம் நூற்றாண்டில் ஆளில்லாமல் போனது. இடிபாட்டில் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்படவே வேண்டாம். கடற்கரையில் காலைப் பலகாரமே தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும், ஏலக்காய் மணக்கும் மஹம்ரி என்ற உப்பலான பொரித்த பலகாரமும்தான். மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் சுட்ட மீன். மரவள்ளி வறுவலின் மேல் மிளகாய்த்தூளைத் தூவி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். காட்டு விடுதிகளில் சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் சப்பாத்தி, பருப்பு கிடைக்கும். குஜராத்திகள் அந்த நாட்டில் பல தலைமுறையாக இருப்பதன் புண்ணியம்.

லாமுவைப் பற்றித் தங்கை கேட்டாள். அழகான ஊர், கழுதையும் பாய்மரமும்தான் போக்குவரத்து. ஆனால் சோமாலியா எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குப் பல நாடுகள் பயண எச்சரிக்கை விடுத்திருக்கின்றன, பிள்ளைகளோடு இந்த முறை வேண்டாம் என்றேன். மிஞ்சும் நாளை மொம்பாசாவுக்கு வைத்திருக்கிறோம். அங்கிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு விமானம் உண்டு, அங்கே மாறி ஊர் திரும்பலாம், நைரோபிக்குத் திரும்ப வேண்டியதில்லை. காலையில் போர்த்துகீசியர் 1590-களில் கட்டிய ஃபோர்ட் ஜீசஸ், பிறகு பழைய நகரத்துச் சந்துகள். அங்கே சின்னக் கடைகளில் மபுயு விற்பார்கள். பாவோபாப் விதையைச் சர்க்கரைப் பாகில் புரட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றியது. பிள்ளைகள் கேட்காமல் இருக்கமாட்டார்கள், வாங்கிக் கொடுங்கள், ஆனால் விமானத்துக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையோடு வேண்டாம், அந்தச் சாயம் லேசில் போகாது.